செஞ்சியை ஆண்டது பத்தே மாதம்தான்: ராஜா தேசிங்கு உண்மையில் யார்?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். செஞ்சி நெருங்கும்போது பாறைகளைக் கொட்டிக் குவித்த மாதிரி மலைகள் எழும்பும், அவற்றின் உச்சியில் மதில் தெரியும். வண்டியை ஓரம் கட்டாமல் போக மனசு வராது. அங்கே டீக்கடையில் இது யார் கோட்டை என்று கேட்டுப் பாருங்கள். கட்டியவர்கள் யாரும் பதிலில் வர மாட்டார்கள். சிவாஜி பெயர்கூட இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது தேசிங்கு ராஜா.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்தியர்களின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். ஆக, உலகத்துக்கு இது மராத்தியர் கோட்டை, ஊர்க்காரர்களுக்கு தேசிங்கு கோட்டை. அந்தத் தேசிங்கு மராத்தியரும் இல்லை, தமிழரும் இல்லை. கோட்டையைக் கட்டவும் இல்லை, போரில் பிடிக்கவும் இல்லை. 1714ஆம் ஆண்டில் ஏறத்தாழ பத்து மாதம் அதைக் கையில் வைத்திருந்தார். அக்டோபர் 3ஆம் தேதி போர்க்களத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 22.

அப்புறம் எப்படி 300 வருஷத்துக்கு மேல் அவர் பெயர் நிற்கிறது? இதைப் புரிந்துகொள்ள தேசிங்கின் அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ராணுவ வீரருக்குக் கிடைத்த கோட்டை

1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம், மகாராஷ்டிரத்தில் முகலாயர்களின் நெருக்கடி தாங்காமல் தப்பித்து 1689இல் இங்கே வந்து சேர்ந்தார். கொஞ்ச காலத்துக்கு மராத்திய அரசின் தலைநகரமே செஞ்சிதான். பின்னாலேயே ஔரங்கசீப்பின் படை வந்தது. தளபதி ஜுல்ஃபிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். நடுவில் எட்டு வருஷம். முற்றுகையிட்டவர்களே சாப்பாட்டுக்குத் திண்டாடிய கட்டங்களும் உண்டு. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. வேலூர் பக்கம் தப்பிப் போய்விட்டார்.

இந்த முற்றுகைப் படையில் புந்தேலாக்கள் முக்கியமான ஆட்கள். இன்றைய மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சந்திக்கும் புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரக் குதிரை வீரர்கள். ததியாவின் தலைவர் தல்பத் ராவ் புந்தேலா இங்கே சண்டை போட்டார். அவரிடம் வேலை பார்த்த பீம்சேன் என்பவர் பாரசீகத்தில் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் மூலமாகத்தான் அந்த முற்றுகையைப் பற்றி நமக்கு இன்று பல விஷயங்கள் தெரிகின்றன.

கோட்டை கைக்கு வந்த பிறகு, 1700இல், ஸ்வரூப் சிங் என்ற புந்தேலாத் தலைவரை ஔரங்கசீப் இதன் கில்லேதாராக நியமித்தார். கில்லேதார் என்றால் கோட்டைத் தளபதி. 2,500 என்ற மன்சப் தகுதியும், செலவுக்குச் சுற்றுவட்டார நிலங்களின் வருவாயை வசூலித்துக்கொள்ளும் உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அந்த வருவாய் உரிமைக்குப் பெயர்தான் ஜாகீர்.

ஜாகீர் சொத்து இல்லை என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. கம்பெனி குவார்ட்டர்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வேலையில் இருக்கும்வரை குடும்பம் இருக்கலாம், அவர் காலமானதும் சாவியைத் திருப்பித் தரணும். மகனுக்கும் அதே வேலை கிடைக்கலாம், ஆனால் அதற்குப் புது ஆர்டர் வரணும். முகலாய முறையில் அந்த ஆர்டருக்கு ஃபர்மான் என்று பெயர். பாதுஷா முத்திரை இல்லாமல் அது செல்லாது.

இது காகிதத்தில் இருந்த விதி. நடைமுறையில், டெல்லி பலமாக இருந்த வரைக்கும்தான் விதிக்கு மரியாதை. 1707இல் ஔரங்கசீப் இறந்தார். அடுத்த ஆறு ஆண்டுகளில் பகதூர் ஷா, ஜஹந்தர் ஷா, ஃபரூக்சியர் என்று மூன்று பேர் சிம்மாசனம் ஏறிவிட்டார்கள். டெல்லியின் பிடி தளரத் தளர, தூரத்தில் இருந்த அதிகாரிகள் எல்லாம் தங்கள் பதவியைக் குடும்பச் சொத்தாக்கப் பார்த்தார்கள். ஆற்காட்டில் நவாப் சாதத்துல்லா கான் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். செஞ்சியில் ஸ்வரூப் சிங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். வருஷக் கணக்கில் ஆற்காட்டுக்குச் செலுத்த வேண்டிய பணத்தைச் செலுத்தவில்லை. அந்த நிலுவை 70 லட்சம் ரூபாய்வரை ஏறியதாகச் சொல்லப்படுகிறது. நவாப் டெல்லிக்குப் புகார் அனுப்பினார்.

பணம் கட்டாமலேயே, 1714 வாக்கில், முதுமையில் ஸ்வரூப் சிங் இறந்துபோனார்.

மகன் வருகிறான்

தேஜ் சிங் என்பதுதான் மகனின் பெயர். தமிழ் நாக்கில் அது தேசிங்கு ஆனது. அப்பா இறந்த செய்தி கேட்டுப் புந்தேல்கண்டிலிருந்து இளம் மனைவியோடு செஞ்சிக்கு வந்தார். காரியங்களை முடித்துவிட்டு, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

நவாபிடம் சொல்லாமல் பொறுப்பேற்பது சரியில்லை, புது பாதுஷாவிடமிருந்து உத்தரவு வாங்கிக்கொள்வது நல்லது என்று அப்பாவின் பழைய அலுவலர்கள் எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இளைஞர் கேட்கவில்லை. ஔரங்கசீப் எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்த ஃபர்மான் கையில் இருக்கிறது, இடையில் நவாப் யார் என்பதுதான் அவர் நிலைப்பாடு.

சட்டப்படி பார்த்தால் நவாப் பக்கம்தான் பலம். ஃபர்மான் அப்பாவுக்குக் கொடுத்தது, கொடுத்த பாதுஷாவும் உயிரோடு இல்லை. ஆனால் நவாபையும் வெறும் சட்டத்தின் காவலர் என்று நம்பிவிடக் கூடாது. தேசிங்குக்கு அவர் மறுத்த அதே வாரிசு உரிமையைத்தான் தன் வீட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டார். பிள்ளை இல்லாத சாதத்துல்லா கான் 1732இல் இறந்தபோது, நவாப் பதவி அவர் வளர்த்த அண்ணன் தம்பி வழிப் பிள்ளை தோஸ்த் அலி கானுக்குத்தான் போனது.

ஆக, ஒரே விளையாட்டை இரண்டு பேர் ஆடினார்கள். ஒருவரிடம் பெரிய படை இருந்தது.

கோட்டைக்குள் இருந்திருக்கலாமே?

தேசிங்கு கதையைக் கேட்கிற எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. ஔரங்கசீப்பின் படையையே எட்டு வருஷம் காக்க வைத்த கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், அவற்றை இணைக்கும் மதில், அகழி. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவும் அதன் மேல் பாலமும் உண்டு. பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஏறவே முடியாது. உள்ளே களஞ்சியம், சுனைகள் எல்லாம் இருக்கு. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நவாப் களைத்துப் போயிருக்க மாட்டாரா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஞ்சியின் வெளிமதில் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர் என்பார்கள். தேசிங்கிடம் இருந்த படை 350 குதிரை வீரர்களும் 500 காலாட்களும் என்று சொல்லப்படுகிறது. மொத்தம் 850. எல்லோரையும் மதில் மேல் நிறுத்தினால் 15 மீட்டருக்கு ஒருத்தர். ராத்திரி பகல் என்று ஷிப்ட் போட்டால் 30 மீட்டருக்கு ஒருத்தர். ஒரு பெரிய லாரியை நீளவாக்கில் நிறுத்தினாலும் மிச்சம் இருக்கும் இடைவெளி அது. ராஜாராமிடம் கோட்டைக்குள் பெரிய காவற்படையும், வெளியே சாந்தாஜி, தனாஜி போன்ற தளபதிகளின் கீழ் எதிரியைப் பின்னாலிருந்து தாக்கும் குதிரைப் படையும் இருந்தன. தேசிங்குக்கு வெளியிலிருந்து உதவிக்கு வர யாருமே இல்லை.

எதிர்ப்பக்கம் நவாபிடம் 8,000 குதிரை, 10,000 சிப்பாய்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அந்தக் காலத்துப் படை எண்ணிக்கைகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ளணும். பாதி என்று வைத்தாலும் பத்து மடங்கு வருகிறது.

எனவே, வெளியே போய்ச் சண்டை போட்டது வெறும் இளரத்த வேகம் என்று முடிவு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தோற்பது ஏறக்குறைய உறுதி. எப்படித் தோற்பது என்பதில்தான் கொஞ்சம் தேர்வு இருந்தது. குதிரை மேல் வளர்ந்த புந்தேலா வீரனுக்கு மதிலுக்குப் பின்னால் பட்டினி கிடப்பது பழக்கமில்லாத வேலை. எதிரியின் முழுப் படையும் வந்து சூழ்வதற்கு முன்னால், முன்னணியில் வரும் தளபதியை வேகமாகப் போய் அடித்துவிட்டால் மற்றவர்கள் கலையலாம். அந்தக் காலத்துப் போர்களில் இது நடந்திருக்கிறது. ஆனாலும் பணத்தைக் கட்டவும் பேசவும் இன்னும் வழி இருந்தபோது, 850 பேரின் உயிரை ஒரு பழைய ஃபர்மானுக்காகப் பணயம் வைத்தார் என்பதையும் மறைக்க முடியாது. கதைப்பாடல்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோய்விடும்.

1714 அக்டோபர் 3

போர் நடந்தது செஞ்சியை அடுத்த தேவனூர் பக்கத்தில். வழியில் ஆறு வெள்ளமாக ஓடியது. தேசிங்கு குதிரையோடு இறங்கிக் கடந்தார். பின்னால் வந்தவர்களில் எல்லோராலும் கடக்க முடியவில்லை. ஏற்கெனவே சின்னப் படை, அதிலும் ஒரு பகுதிதான் அக்கரை சேர்ந்தது.

எதிரித் தளபதி இருந்த யானையை நோக்கி நேராகக் குதிரையை விட்டார். குதிரையின் கால் நரம்பை வெட்டினார்கள். கீழே இறங்கி நின்றும் சண்டை போட்டார். கடைசியில் அங்கேயே விழுந்தார். ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோச்சு.

கூடவே இறந்தவர்களில் ஒருவர் மஹபத் கான். தேசிங்கின் நண்பர், தளபதி. கதைப்பாடலில் அவர் பெயர் மாவுத்துக்காரன். அன்று அவருக்குக் கல்யாணம், சேதி வந்ததும் மணக்கோலத்திலிருந்து எழுந்து குதிரை ஏறினார் என்று பாடல் சொல்கிறது. கல்யாணத் தேதிக்கு ஆதாரம் கேட்டால் கிடைக்காது. ஆனால் ஒரு விஷயம் உறுதி. ஆற்காட்டு நவாப் படைக்கும் செஞ்சிப் படைக்கும் நடந்த இந்தச் சண்டையை மதச் சண்டையாகப் படிக்கப் பார்ப்பவர்களுக்கு மஹபத் கான் பெரிய இடைஞ்சல். ராஜபுத்திர அதிகாரிக்காக ஒரு முஸ்லிம் தளபதி, முஸ்லிம் நவாபின் படையை எதிர்த்துச் செத்திருக்கிறார். நவாபிடமும் இந்து அதிகாரிகள் இருந்தார்கள். சண்டை நிலுவைக்கும் பதவிக்கும்தான்.

ராணி

தேசிங்கின் உடல் செஞ்சிக்குக் கொண்டுவரப்பட்டது. கோட்டைக்குள் செட்டிக்குளத்தின் கரையில் ஒரு மேடையைக் காட்டுகிறார்கள், தகனம் நடந்த இடம் என்று. அவருடைய இளம் மனைவியும் அந்தச் சிதையிலேயே உடன்கட்டை ஏறினார்.

இந்தப் பகுதியைத் தியாகம், பத்தினித்தன்மை என்று உருகி எழுதுவது நம் ஊர் வழக்கம். அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. புந்தேல்கண்டிலிருந்து ஊர், மொழி தெரியாத இடத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண். பாடல்களில் அவரை ராணிபாய் என்கிறார்கள். அவர் நினைவாக, ஆற்காட்டுக்கு எதிரே பாலாற்றின் அக்கரையில் நவாப் ஒரு ஊரை ஏற்படுத்தினார் என்பது மரபு. அதுதான் ராணிப்பேட்டை. இன்று தோல் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர், 2019இலிருந்து தனி மாவட்டம். தினமும் லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அதில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை, ராணி என்ற பட்டம் மட்டும்தான் இருக்கு.

வென்ற நவாப் செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு மசூதியும் கட்டினார். 1717–18ஐச் சேர்ந்த சாதத்துல்லா கான் மசூதி இப்போதும் உள்ளே இருக்கிறது. வெற்றிச் சின்னம் ஒரு பக்கம், தகன மேடை ஒரு பக்கம்.

கதையில் எது, வரலாற்றில் எது?

தேசிங்கு ராஜன் கதை தமிழ்நாட்டின் புகழ்பெற்ற கதைப்பாடல்களில் ஒன்று. கிராமங்களில் பாடப்பட்டு, தெருக்கூத்தாகி, மலிவு விலைப் புத்தகமாகச் சந்தைகளில் விற்று, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் வந்தது. நாம் மனசில் வைத்திருக்கும் தேசிங்கு பெரும்பாலும் அந்தப் பாடலின் தேசிங்குதான்.

அதில் டெல்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை இருக்கிறது. அதை அடக்க முடியாமல் தேசிங்கின் அப்பா சிறையில் அடைக்கப்படுகிறார். சிறுவன் தேசிங்கு டெல்லி போய், குதிரையை அடக்கி, அப்பாவை மீட்கிறான். இதற்கு வரலாற்று ஆதாரம் கிடையாது. ஆனால் நல்ல குதிரைக்காரன் என்ற பெயர் அவருக்குச் சும்மா வந்திருக்காது என்று நம்பலாம். குதிரைகளுக்கும் பாடலில் பெயர் உண்டு. தேசிங்கின் குதிரை பாராசாரி, நண்பனின் குதிரை நீலவேணி. சினிமா, மேடை வழியாகக் கைமாறி வந்ததில் பலருக்கு நீலவேணியே தேசிங்கின் குதிரை ஆகிவிட்டது. இன்றைக்கும் புது பைக் வாங்கி ஊரைச் சுற்றும் பையனைப் பார்த்து, பெரிய தேசிங்கு ராஜான்னு நினைப்பு என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால்தான்.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. பள்ளிகொண்ட ரங்கநாதர். தேசிங்கு போருக்கு முன் உத்தரவு கேட்க வந்தபோது, போகாதே என்பதுபோலப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதனால்தான் சிலையின் தலை அப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்வார்கள். சிலை தேசிங்குக்கு ஆயிரம் வருஷம் மூத்தது. ஆனாலும் அந்தக் கதையில் ஊரின் கருத்து ஒன்று தெரிகிறது: தங்கள் நாயகன் போயிருக்கக் கூடாது என்று ஊரே நினைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு செஞ்சி

தேசிங்கோடு செஞ்சி ஓர் அதிகார மையமாக இருந்தது முடிந்தது. அதிகாரம் முழுசாக ஆற்காட்டுக்குப் போனது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார்கள். எட்டு வருஷம் தாக்குப்பிடித்த அதே கோட்டைதான். மதிலைவிட மதில் மேல் நிற்க ஆள் இருப்பது முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கோட்டைக்குள் இருந்த வெங்கடரமணர் கோயிலின் அழகான தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களோடு செல்ஃபி எடுத்திருந்தால், நீங்களும் செஞ்சியைத் தொட்டிருக்கிறீர்கள். 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி, மறுபடியும் ஆங்கிலேயர் என்று கை மாறிக் கடைசியில் ஆடு மேயும் இடமாகிப்போனது.

இந்த வரிசையில் வந்த யாரைப் பற்றியும் செஞ்சி வட்டாரத்தில் பாட்டு இல்லை. சிவாஜிக்கு மகாராஷ்டிரம் இருந்தது, பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் ஆவணக் காப்பகம் இருந்தது. தேசிங்குக்கு இந்த ஊர் மட்டும்தான். அவர் விழுந்தது இங்கே, எரிந்தது இங்கே, திரும்பிப் போக ஒரு புந்தேல்கண்ட் இருந்தும் போகவில்லை. இந்த மண்ணில் செத்தவனை இந்த மண்ணின் ஆளாக எடுத்துக்கொள்வதில் கிராமத்துப் பாடகர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. 70 லட்சம் நிலுவையையும் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரி வசூலிக்க வருகிறவனை எதிர்த்தவன் என்பது உழுது பிழைக்கிறவர்களுக்கு வேறு மாதிரிதானே கேட்கும்?

அடுத்த முறை செஞ்சி போனால் ராஜகிரி ஏறுவதைக் காலை வெயிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் குரங்குகளிடம் பறிகொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் செட்டிக்குளம் பக்கம் ஒரு நடை. பெரும்பாலான டூரிஸ்ட்டுகள் கல்யாண மகாலோடு திரும்பிவிடுவதால் அங்கே கூட்டம் இருக்காது. இன்னும் நேரம் இருந்தால் நீலாம்பூண்டி என்ற கிராமத்துக்கு வழி கேளுங்கள். மஹபத் கானின் சமாதி அங்கேதான். பக்கத்தில் குதிரை நீலவேணிக்கும் ஒரு சமாதி காட்டுவார்கள்.